ஆபீஸ் டார்ச்சரில் மனம் நொந்துபோனால்: டெல்டா பக்கத்தில் எங்கே போவது, என்ன எடுத்துப்போவது

நகைக்கடன் பிராஞ்ச், ஜவுளிக்கடை, தனியார் பள்ளி, ரைஸ் மில் ஆபீஸ், ஆஸ்பத்திரி ரிசப்ஷன் என்று காவிரி டெல்டாவின் சிறு ஊர்களில் வேலை பார்த்து, மேலே இருப்பவரின் வசவிலும் ஒதுக்கலிலும் நொந்துபோனவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இருந்தது ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் கிளையில். பெயர் வேண்டாம். டார்கெட் முடியாத நாளில் என் பெயரைச் சிவப்பு வட்டம் போட்டு வாட்ஸாப் குழுவில் போடுவார்கள். கஸ்டமர் எதிரிலேயே "சோத்தைத்தானே திங்கிறே?" என்று கேட்பார்கள். அங்கிருந்து வெளியே வந்து உதவி தேடியதில் பாதி வீண் அலைச்சல். எந்த ஆஸ்பத்திரி, எந்தச் சீட்டு, யாரிடம் எதைக் கேட்பது என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவ்வளவு அலைந்திருக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். மனசு தேறுவது ஒரு வேலை, புகார் கொடுத்து நியாயம் கேட்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யலாம். ஆனால் "அந்த ஆள் மன்னிப்புக் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்று இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டால், புகார் எங்கே தேங்குகிறதோ அங்கேயே நீங்களும் தேங்கிவிடுவீர்கள். அதனால்தான் கீழே ஆஸ்பத்திரி முன்னாலும் புகார் பின்னாலும் வருகிறது.

1. இன்று இரவைத் தாண்ட முடியுமா என்று பாருங்கள்

செத்துவிடலாம் போலிருக்கிறது, எங்காவது கண்காணாமல் போய்விடலாம் போலிருக்கிறது என்ற நினைப்பு இருந்தால் மற்றதை அப்புறம் படிக்கலாம். முதலில் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் 2022-இல் தொடங்கினார்கள். காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். சென்னையில் உள்ள சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்துவிட்டால் 108.

விவசாய வீடு என்றால் இன்னொன்றும் செய்யுங்கள். திண்ணையிலோ கொல்லைக் கொட்டகையிலோ பூச்சிமருந்து டப்பா இருந்தால், அதை வேறொருவர் வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள். காரணம் சொல்லவேண்டிய அவசியமில்லை. மோசமான அந்த ஒரு மணி நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

அவ்வளவு மோசமில்லை, தூக்கம் மட்டும் போய்விட்டது என்றாலும் 14416-ஐ அழைக்கலாம். எடுத்ததும் என்ன பேசுவது என்று திகைப்பாக இருக்கும். எந்த ஊர், எத்தனை நாளாகத் தூக்கமில்லை, வேலையிடத்தில் என்ன நடந்தது என்ற மூன்றை மட்டும் சொன்னால் போதும், மீதியை அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அழுகைதான் வருகிறது என்றாலும் வைத்துவிட மாட்டார்கள். அடுத்த முறை அழைக்கும்போது வேறொருவர் எடுக்கக்கூடும், அப்போது கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கலாம். அதற்காகச் சலித்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குள் பேச முடியாதென்றால் மொட்டை மாடி இருக்கிறது, வாய்க்கால் கரை இருக்கிறது.

2. வீட்டில் சொல்வது

நம் பக்கத்துச் சிக்கலே இதுதான். மேனேஜரின் மச்சான் உங்கள் சித்தப்பாவோடு படித்தவராக இருப்பார். காலையில் சொன்னது சாயங்காலம் பிராஞ்சுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் ஊர் முழுக்கச் சொல்லாமல் ஒருவர், மிஞ்சினால் இருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடன் வேலை பார்ப்பவரிடம் சொல்வதைத் தள்ளிப் போடுங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவருக்கும் மாதச் சம்பளம் வேண்டுமே.

வீட்டில் சொல்லும்போது அநியாயத்தை விவரிக்க ஆரம்பித்தால் பஞ்சாயத்தில்தான் போய் முடியும். "எந்த எடத்துலதான் திட்டு இல்ல? ஒங்கப்பா வாங்காத திட்டா?" என்றார் என் அம்மா, கீரையை ஆய்ந்தபடியே. அதற்கு எதிர்வாதம் செய்யாமல், "ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுதும்மா, அப்புறம் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குத் தொணைக்கு வா" என்றேன். முறத்தை அப்படியே வைத்துவிட்டார். உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்லி, செய்யக்கூடிய ஒரு உதவியைக் கேளுங்கள். துணைக்கு வருவது, பிள்ளையை ஒரு நாள் பார்த்துக்கொள்வது, இரண்டு மாதத்துக்கு வீட்டுச் செலவைக் கொஞ்சம் தாங்கிக்கொள்வது, இப்படி. என் அத்தாச்சி கடைசிவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் வந்து நடக்கக் கூட்டிப்போனார், அவ்வளவுதான்.

3. அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு

பணம் இல்லை என்பதற்காகத் தள்ளிப் போடாதீர்கள். டாக்டர், மாத்திரை இரண்டும் இங்கே இலவசம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. திருவாரூர், நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. முசிறி, லால்குடி பக்கத்தவர்களுக்குத் திருச்சி அரசு மருத்துவமனை கைகொடுக்கும். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு வட்ட மருத்துவமனைகளுக்கு முறைவைத்து வந்துபோகிறது. உங்கள் ஊருக்கு என்றைக்கு வருகிறார்கள் என்பதை அந்த ஆஸ்பத்திரியிலேயே கேட்கலாம், 14416-லும் கேட்கலாம். பக்கத்திலேயே முடிகிற வேலைக்குத் தஞ்சாவூர் வரை போகவேண்டாம்.

தஞ்சாவூரில் ஒரு குழப்பம் உண்டு. பழைய பேருந்து நிலையத்தில் இறங்கி "பெரிய ஆஸ்பத்திரி" என்று கேட்டால் ராசா மிராசுதார் மருத்துவமனைக்குக் கையைக் காட்டிவிடுவார்கள். அங்கே பிரசவமும் குழந்தைகளும்தான் பெரும்பாலும். நீங்கள் போகவேண்டியது மெடிக்கல் காலேஜ் ரோட்டில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு. கண்டக்டரிடம் "மெடிக்கல்" என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும்.

புறநோயாளிப் பிரிவு காலை நேரத்தில்தான். 8 மணிக்கு முன்பே ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றுவிடுவது நல்லது. கும்பகோணத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், மயிலாடுதுறையிலிருந்து இன்னும் அதிகம் என்பதால் முதல் ரயிலையோ விடியல் பஸ்ஸையோ பிடியுங்கள். திங்கட்கிழமை கூட்டம் அதிகம் (நான் போனது திங்கட்கிழமைதான், நீங்கள் புதனோ வியாழனோ போங்கள்).

எடுத்துப்போக வேண்டியவை: ஆதார் நகல், ஏற்கெனவே எதற்காவது மாத்திரை சாப்பிட்டால் அந்தச் சீட்டு, சர்க்கரை அல்லது தைராய்டு பரிசோதனை முடிவு இருந்தால் அது, அப்புறம் அரைப்பக்கத்தில் எழுதிய ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பு முக்கியம். டாக்டருக்கு உங்களோடு இருக்கும் நேரம் குறைவு. எப்போதிலிருந்து தூக்கமில்லை, சாப்பாடு எப்படி, அழுகை, படபடப்பு, சாவைப் பற்றிய எண்ணம் உண்டா, குடிப் பழக்கம் உண்டா என்று ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டு போங்கள். மேனேஜரின் குணத்தைப் பற்றி ஒரு வரி போதும்.

இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தால் "எனக்கு மனசுதானே சரியில்லை" என்று எரிச்சல்படாதீர்கள். இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே மாதிரி சோர்வையும் படபடப்பையும் கொடுக்கும். கிளம்பும் முன் இரண்டு கேள்வி: அடுத்து எப்போது வரவேண்டும்? இங்கே பேச்சு சிகிச்சைக்கு உளவியல் நிபுணர் இருக்கிறாரா, அவரைப் பார்க்கச் சீட்டில் எழுதித் தருவீர்களா? இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் பலர் மாத்திரையோடு மட்டும் திரும்பிவிடுகிறார்கள்.

தெரிந்தவர் கண்ணில் பட்டுவிட்டால்? படுவார், டெல்டாவில் அதைத் தவிர்க்க முடியாது. "தலைவலிக்கு வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். தலைவலியும் இருக்கத்தானே செய்கிறது. உங்கள் சிகிச்சை விவரத்தை ஆஸ்பத்திரி வெளியே சொல்லக்கூடாது என்று மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 சொல்கிறது. கம்பெனியிலிருந்து போன் போட்டுக் கேட்டாலும் அதேதான்.

4. மாத்திரை பற்றிக் கொஞ்சம்

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் மாத்திரைகள் அன்றைக்கே வேலை செய்யாது. மாற்றம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஆனால் குமட்டல், வயிற்றுக் கோளாறு மாதிரியான தொல்லை முதல் வாரத்திலேயே வந்துவிடும். நல்லது பின்னால் வருகிறது, கெட்டது முன்னால் வந்துவிடுகிறது என்பதால் நிறையப் பேர் ஐந்தாம் நாளே குப்பையில் போட்டுவிடுகிறார்கள். தொல்லை தாங்கவில்லை என்றால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள் அல்லது மாற்றுவார்கள். நன்றாகிவிட்டது என்று நீங்களாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆகாது.

தூக்க மாத்திரை வேறு சமாச்சாரம். சில நாளுக்கென்று எழுதிக் கொடுத்ததை, மெடிக்கல் ஷாப்பில் பழக்கத்தை வைத்து மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடாதீர்கள். அது பழக்கமாகிவிடும் ஜாதி. டாஸ்மாக் கடையில் தூக்கத்தை வாங்குகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன், அது தூக்கமே இல்லை, மயக்கம்.

"குணசீலத்தில் 48 நாள் இருந்துவிட்டு வா", "நாகூருக்கு ஒரு வியாழக்கிழமை போ", "வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்" என்று சொல்லாத சொந்தக்காரர் இருக்கமாட்டார். மனசுக்கு இதமாக இருந்தால் போய் வாருங்கள், நானும் போனேன். மாத்திரை டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள்.

5. கவுன்சலிங்: யாரிடம், எவ்வளவு

மாத்திரை தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும். "நான் லாயக்கில்லாதவள்" என்று உள்ளே ஊறிப்போனதை எடுக்கப் பேச்சு சிகிச்சை வேண்டும். இதில்தான் ஏமாற்றும் அதிகம். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர், மாத்திரை எழுதலாம். மருத்துவ உளவியலாளர் பேச்சு சிகிச்சை தருபவர், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, இணையத்திலேயே சரிபார்க்கலாம். வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கி "மனோதத்துவ நிபுணர்" என்று போர்டு மாட்டியவர்கள் எல்லா ஊர்க் கடைத்தெருவிலும் இருக்கிறார்கள்.

தஞ்சாவூர், திருச்சி பக்கம் நான் விசாரித்த இடங்களில் ஒரு அமர்வுக்கு 500 முதல் 1,500 ரூபாய் வரை கேட்டார்கள். ஒரு அமர்வு என்பது முக்கால் மணி நேரத்துக்கு மேல். வாரம் ஒன்று வீதம் இரண்டு மாதமாவது ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்து அமர்வுக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றால் கட்டாதீர்கள், முதல் இரண்டு அமர்வில் ஒட்டவில்லை என்றால் பணம் திரும்பாது. ஜாதகத்தைக் கேட்பவர், முதல் நாளே "நீங்கள் மன்னித்துவிட வேண்டும்" என்பவர், "நீங்கள் ரொம்ப சென்சிட்டிவ்" என்பவர், இந்த மூவரையும் விட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஊரில் யாரும் பார்க்கவேண்டாம் என்று நினைத்தால் பதிவு பெற்றவர்கள் வீடியோவிலும் பேசுகிறார்கள். பஸ் காசும் மிச்சம்.

உள்ளே என்ன நடக்கும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு உதாரணம். வேலையை விட்ட பிறகும் வாட்ஸாப் சத்தம் கேட்டால் எனக்கு அடிவயிறு சுருட்டிக்கொள்ளும். என்னைப் பார்த்தவர் முதலில் போனில் அந்தச் சத்தத்தை மாற்றச் சொன்னார். சில வாரம் கழித்துப் பழைய சத்தத்தையே மிகக் குறைவான ஒலியில் வைத்து, டீ குடித்தபடி கேட்கச் சொன்னார். ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது அது வெறும் சத்தம்.

6. விடுப்பும் ஈ.எஸ்.ஐ.யும்

வேலையில் இருந்தபடியே சிகிச்சை எடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள். மருத்துவச் சான்றில் நோயின் பெயரை விரிவாக எழுதாமல் "சிகிச்சையில் இருக்கிறார், இத்தனை நாள் ஓய்வு தேவை" என்ற அளவில் தர முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். விடுப்புக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், போனில் சொன்னது கணக்கில் வராது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் நடந்தால், மனநலச் சிகிச்சைக்கும் அது செல்லும். நோய்க்கால உதவியாக வருடத்துக்கு 91 நாள் வரை, தினச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்குரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பிடித்தம் நடந்திருக்க வேண்டும். முதல் இரண்டு நாளுக்குப் பணம் வராது. தனியார் டாக்டர் சான்றை மட்டும் கொண்டுபோனால் அலைய விடுவார்கள். உங்களுக்கு ஒதுக்கப்பட்ட ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் முதலில் காட்டிவிட்டு மற்றதைச் செய்யுங்கள். கையில் ஈ.எஸ்.ஐ. எண், ஆதார், வங்கிப் புத்தக நகல்.

7. நடந்ததை எழுதி வையுங்கள்

புகார் கொடுக்கப் போகிறீர்களோ இல்லையோ, எழுதுங்கள். தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள். ஒரு சம்பவத்துக்கு நாலு வரி. வாட்ஸாப் உரையாடலை ஏற்றுமதி செய்து உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். குழுவிலிருந்து நீக்கிவிட்டால் அப்புறம் வரும் எதுவும் உங்களுக்குத் தெரியாது. பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு மூலக் கருவி கையில் இருப்பது பெரிய பலம். கஸ்டமர் விவரம், நகைக் கணக்கு மாதிரி கம்பெனி ஆவணங்களைப் படம் எடுக்காதீர்கள், உங்கள் மேலேயே திருட்டுப் புகார் வரும்.

எழுதி முடித்த நோட்டை அலமாரியில் வையுங்கள். தலைமாட்டில் வேண்டாம்.

8. புகார்: எது எங்கே

வேலையிடத்து வசவுக்கும் அவமதிப்புக்கும் என்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. அதனால் உங்களுக்கு நடந்தது எந்தக் கணக்கில் வரும் என்று முதலில் பாருங்கள்.

பெண்களுக்குப் பாலியல் சாயல் உள்ள பேச்சோ தொடுகையோ நடந்திருந்தால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரவேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். மனசு தேறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தால் கெடு கடந்துவிடும், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்காதீர்கள். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவான இடம் என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகவேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட சமூக நல அலுவலகத்தைக் கேளுங்கள். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். விசாரணை நடக்கும்போது 3 மாதம் வரை விடுப்புக் கேட்கவும் சட்டத்தில் வழி உண்டு. பெண்கள் உதவி எண் 181.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்ட பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இது காவல் நிலையத்துக்குப் போகும் வழி. வக்கீல் துணையோடு போங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது, வட்ட அளவிலும் குழு உண்டு. பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம். எண் 15100.

9. வேலையை விடுவதாக இருந்தால்

கோபத்தில் வாட்ஸாப்பில் "நாளையிலிருந்து வரமாட்டேன்" என்று போடுவதுதான் பெரிய பொறி. அதை வைத்தே சொல்லாமல் ஓடிவிட்டார் என்று எழுதிவிடுவார்கள். நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று பாருங்கள், ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்புங்கள், காரணம் ஒரே வரி போதும். தேதி போடாத காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். கடைசிச் சம்பளச் சீட்டுகள், பி.எஃப். எண், பணி விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று நான்கையும் கேட்டு வாங்குங்கள். நம் பக்கத்துத் தனியார் பள்ளிகளிலும் நிதி நிறுவனங்களிலும் அசல் மதிப்பெண் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அப்படி இருந்தால் ராஜினாமா அனுப்பும் முன்பே "மேற்படிப்புக்கு வேண்டும்", "வங்கிக் கடனுக்கு வேண்டும்" என்று சொல்லி வாங்க முயலுங்கள். தரவில்லை என்றால் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், அதற்கும் அசையவில்லை என்றால் மேலே சொன்ன சட்டப் பணிகள் ஆணைக்குழு.

10. அடுத்த வேலை

இன்டர்வியூவில் "ஏன் விட்டீர்கள்?" என்று நிச்சயம் கேட்பார்கள். பழைய மேனேஜரின் புராணம் வேண்டாம், பொய்யும் வேண்டாம். "அங்கே வேலைச் சூழல் ஒத்துவரவில்லை, கொஞ்சநாள் ஓய்வெடுத்தேன், இப்போது வேலைக்குத் தயார்" என்பதை வீட்டில் இரண்டு மூன்று தடவை சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். குரல் நடுங்குவது நின்றுவிடும்.

புதிய இடத்தில் மேனேஜர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே தூக்கிவாரிப்போடும், அது சில மாதம் இருக்கும். சேர்ந்தவுடன் மாத்திரையை நிறுத்தாதீர்கள். முதல் நாளே சனிக்கிழமை விடுப்பு எப்படி, அனுமதி நேரம் எவ்வளவு என்று கேட்டு வைத்துக்கொண்டால் மெடிக்கலுக்குப் போகும் தேதி தவறாது. எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்று அந்தச் சீட்டில்தான் எழுதி வாங்கவேண்டும், சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். ஒரு போட்டோ எடுத்துப் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.